முடியாது என்று எழுதிக் கொடுத்தேன்

என்னால் படி ஏற முடியும். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. எம்.ஏ. முடிந்துவிட்டது. மார்க் ஷீட் பீரோவில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இனிமேல் யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கப்போவதில்லை.

எப்படி ஏறுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்தே எனக்கு இரண்டு காலிலும் பலம் இல்லை. சமதரையில் இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பேன். படி வந்தால் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். உள்ளங்கைகளை மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி அங்கே வைப்பேன். பிறகு கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்வேன். கடைசியில் ஊன்றுகோல்கள். மற்றவர்கள் படி ஏறும்போது மேலே பார்ப்பார்கள். நான் ஏறி முடித்த படிகளைப் பார்த்துக்கொண்டே ஏறுவேன். எத்தனை ஏறியிருக்கிறேன் என்பது தெரியும், இன்னும் எத்தனை பாக்கி என்பது தெரியாது. சத்தியமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் படியில், எனக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா சொல்லிக்கொடுத்த முறை இது. ஒரு படிக்கு ஒரு கடலை மிட்டாய் என்று ஆசை காட்டி ஏற்றினார். பாதியிலேயே மிட்டாய் தீர்ந்துவிட்டது, ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

அப்பாவுக்கு மைசூரில் சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையும் முட்டும் அடித்து அச்சுக் கட்டுகிற வேலை. அவர் பல வருடங்கள் தனியாக இருந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஊரில் பி.ஏ. முடித்ததும், மைசூரில் சமூகவியல் எம்.ஏ. கிடைக்கிறது, அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு உதவி மையம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அம்மாவும் நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாமராஜநகர் வழியாக பஸ் ஏறி வந்து சேர்ந்தோம். எனக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. ‘பன்னி’ என்றால் ‘வாருங்கள்’ என்று அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டார். சொல்லியிருக்காவிட்டால் முதல் வாரத்திலேயே பாதி மைசூரோடு சண்டை போட்டிருப்பேன்.

உதவி மையம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பளபளவென்று பெயர்ப் பலகை. அதற்குப் போவதற்குச் சறுக்குப் பாதை ஒன்று, ராம்ப் என்பார்களே, அதுவும் கட்டியிருந்தார்கள். அது நேராகப் போய் இரண்டு படிகளில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். உள்ளே ஒரு புதிய சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். பிரித்தால் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் பழையது என்று நினைத்துவிடுவார்களாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. அதன் சாவி எந்த அட்டெண்டரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நான் ஒவ்வொன்றுக்கும் கோபப்பட்டேன். பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு ஒரு முறை கோபப்படுவது என்று வைத்துக்கொண்டேன். தினமும் கோபப்பட உடம்பு தாங்காது.

வகுப்புகள் நல்லவேளையாகத் தரைத்தளத்தில் நடந்தன. பரீட்சைதான் சிக்கல். பரீட்சைக் கூடம் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். லிஃப்டில் ‘தற்காலிகமாக இயங்காது’ என்று ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டையைத் தாங்கிய ஆணி துருப்பிடித்துப் போயிருந்தது. ஐந்து பேப்பர், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். கையை ஊன்றி இரண்டு மாடி ஏறிவிட்டு அதே கையால் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். கீழே ஓர் அறையில் எழுத விடுங்கள் என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை.

உதவி மையத்துக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளருக்கு அது கூடுதல் பொறுப்பு, வியாழக்கிழமை மட்டும் வருவார். என் மனுவைப் படித்துவிட்டு அன்பாகவே பேசினார். அறை ஒதுக்குவது தன் கையில் இல்லை என்றும், பரீட்சைப் பிரிவில் நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பரீட்சைப் பிரிவு எங்கே என்று கேட்டேன். இரண்டாவது மாடி என்றார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் சங்கடப்பட்டார்.

மறுநாள் மதியம் நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டு அடியில் போய் நின்றேன். அங்கே இருந்த செக்யூரிட்டியிடம் விஷயத்தைச் சொன்னதும், மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். பெரிய திறந்த படிக்கட்டு அது, கீழே நின்றால் இரண்டாவது மாடிக் கைப்பிடி தெரியும். ஒரு கிளார்க் எட்டிப் பார்த்தார். செக்யூரிட்டி என்னைக் காட்டிக் கன்னடத்தில் ஏதோ கத்தினார். கிளார்க் கையை வீசி, எனக்கு நன்றாகக் கேட்கும்படி பதில் கத்தினார்.

“ஆமேலே பன்னி!”

எனக்கு அது எப்படிக் கேட்டது என்றால்: “ஆ... மேலே பன்னி!” ‘மேலே’ தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். ‘பன்னி’யும் தெரியும். ‘ஆ’ என்பது நாம் ‘ஆங்’ என்று சொல்வோமே, அந்த மாதிரி என்று நினைத்தேன். மேலே இருக்கிறவர் கையை வேறு வீசுகிறார். ‘ஆங், மேலே வாங்க!’ இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? செக்யூரிட்டியும் அந்த நேரம் பார்த்து ஒரு காருக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

திரும்பி உட்கார்ந்து ஏற ஆரம்பித்தேன். நாற்பத்து நான்கு படிகள். மதிய நேரம், சாப்பிட இறங்குகிறவர்கள் கூட்டம். சிலர் கால்களை ஒதுக்கி வைத்துத் தாண்டிப் போனார்கள். ஓர் அம்மாள் என் தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார், பிரார்த்தனையாக இருக்கும். ஒரு பெண் ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் முதல் மாடியில் சுவரில் சாய்த்து வைத்தாள். உதவிதான், ஆனால் ஊன்றுகோல் என் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம் பிடித்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன. சுடிதாரின் பின்பக்கம் அந்தக் கட்டடத்தின் ஒரு வாரத்துத் தூசி.

பரீட்சைப் பிரிவில் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. அந்த ஒருவர்தான் சூப்பரிண்டென்ட். டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர், வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஓடி வந்தார். நான் திக்கித் திக்கிச் சொன்ன கன்னடத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்க தமிழா? நாங்களும் ஆத்துல தமிழ்தான் பேசுவோம், மேல்கோட்டைப் பக்கம். எதுக்கு ஏறி வந்தேள்? யாரு வரச் சொன்னா?”

கிளார்க் மேலே வரச் சொன்னதாகச் சொன்னேன். அவர் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொல்லிக் காட்டினேன். சூப்பரிண்டென்ட் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அய்யோ கொழந்தே, ஆமேலேன்னா அப்பறம்னு அர்த்தம். ஊட்டா டைம் இல்லியா, சாப்ட்டுட்டு அப்பறம் வாங்கோன்னு சொல்லியிருக்கான்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரும் நானும் கொஞ்சம் சிரித்தோம். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மனுவை வாங்கி சீல் வைத்தார். ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர் கிடைத்தார் என்று நிம்மதியாக இறங்கினேன். இறங்குவது சுலபம். அரை மணி நேரம்தான்.

நான்கு நாள் கழித்து உதவி மையத்துக்குக் கடிதம் வந்தது. மனுதாரர் இரண்டாம் மாடியிலுள்ள பரீட்சைப் பிரிவுக்கு நேரில் வந்து மனுவைச் சமர்ப்பித்திருப்பதால், தரைத்தளத்தில் தனி அறை ஒதுக்குவதற்கான தேவை எழவில்லை. அந்த நல்ல மனிதர் ஓரத்தில் எழுதிய இரண்டு வரி இதுதான்: ‘மனுதாரர் நேரில் மேலே வந்து கொடுத்தார்.’ மனு தபாலில் வந்ததா நேரில் வந்ததா என்று எழுதுவது ஆபீஸ் வழக்கம். அவர் உண்மையைத்தான் எழுதினார். மேலே இருந்த அதிகாரியும் அந்த உண்மையைத்தான் படித்தார். யார் மேல் கோபப்படுவது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கன்னட மொழியின் மேல் கோபப்பட்டேன்.

முதல் பரீட்சையன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார். இருபத்திரண்டு வயதில், வகுப்பில் எல்லாரும் பார்க்க, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. அவர் கவனமெல்லாம் படிகளின் மேல்தான்.

“எவங்கண்ணு இந்தப் படிய அடிச்சது? ஒண்ணு ஆறு இஞ்சு, ஒண்ணு எட்டு இஞ்சு. நல்ல காலு இருக்கறவனுக்கே காலு ஏமாந்துக்குமே.”

அவருடைய பனியன் முழுக்க ஈரம். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து நானே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் ஏறினேன். அப்பா கீழே நின்று ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். கேள்வித்தாள் வரும்போது விரல்கள் தனியாக நடுங்கிக்கொண்டிருக்கும். பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போகும். என் எழுத்தை நானே படிக்க முடியாத ஒரு பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், அதனால் கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லை. மூன்றாவது பேப்பர் போயிற்று.

பி.ஏ. வரைக்கும் ஒரு பாடத்தில்கூடத் தவறாதவள் நான். அந்த ரிசல்ட்டைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. இரண்டு நாள் தூங்கினேன். அடுத்த பரீட்சையில் அந்தப் பேப்பரையும் சேர்த்து எழுதித் தேறாவிட்டால் இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாது என்று துறையில் சொன்னார்கள். நான்கு நாள் நானே ஏறியதற்கே இந்தக் கதி. அடுத்த முறை ஆறு நாள்.

இரண்டாவது செமஸ்டர் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நிர்வாகக் கட்டடத்துக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். அந்தப் படியில் இன்னொரு தடவை கால் வைப்பதில்லை என்று முடிவு. ஐந்தரை மணிக்கு சூப்பரிண்டென்ட் குடையும் பையுமாக இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். ரிசல்ட் அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்த ரெண்டு வரி நான் எழுதியிருக்கப்படாது,” என்றார். “ஆனா அது போகட்டும். புதுசா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கோ. போன தடவை என்ன எழுதியிருந்தேள்?”

‘படி ஏறுவது எனக்கு மிகவும் சிரமம்’ என்று எழுதியிருந்ததாகச் சொன்னேன்.

“அதான் தப்பு. சிரமத்துக்கு ரூல் கெடயாது. சிரமம்னா எல்லாருக்கும் சிரமம்தான், எனக்கு ஷுகர் இருக்கு, நான் ஏறலியான்னு கேப்பா. ஏறவே ஆகாதுன்னு எழுதுங்கோ. ஆகாதுங்கறதுக்குத்தான் ரூல் இருக்கு.”

“ஆனா ஏற முடியுமே சார். நீங்களே பாத்தீங்களே.”

“நான் பாக்கல,” என்றார். எழுந்து குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “இனிமே யாரும் பாக்கப்படாது. அது முக்கியம். இந்த காம்பவுண்டுக்குள்ள ஒரு படியிலயும் உங்கள யாரும் பாக்கப்படாது.”

வீட்டில் அன்று சாயங்காலம் நான் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரே வரி: என்னால் படி ஏற இயலாது. அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“அந்தச் சொல்லு மட்டும் வேண்டாங்கண்ணு.”

“சும்மா எழுத்துக்குத்தாம்மா.”

“எழுத்துக்குன்னாலும்தான். ஊரே உன்னய முடியாது முடியாதுன்னு சொன்னப்ப, நான் ஒருத்திதான முடியும்னு சொன்னேன்? இப்ப நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறயே.”

எனக்கு எரிச்சல் வந்தது. முடியும் முடியும் என்று ஏறித்தான் ஒரு பேப்பர் போயிற்று என்று கத்திவிட்டேன். அம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக எடுத்து வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்குப் பார்த்து மிகவும் அழகாக வந்திருந்தது.

அறை கிடைத்தது. தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், உடைந்த மேசைகள் அடுக்கிய ஓர் அறை. எனக்கென்று தனியாக ஒரு மேற்பார்வையாளர். மூன்று மணி நேரமும் கொசு அடித்துக்கொண்டு, இவள் ஒருத்தியால் நமக்கு இந்தத் தண்டனை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த அறை சொர்க்கமாக இருந்தது. கை நடுங்கவில்லை. ஆறு பேப்பரும் எழுதி முடித்துக் கடைசிக் கேள்விக்கு அடியில் கோடு போட்டேன். எல்லாவற்றிலும் தேறினேன். சிரமம் என்று எழுதியபோது கிடைக்காத அறை, ஆகாது என்று எழுதியதும் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி தன் வேலையைக் காட்டியது. நூலகத்தில் ஆராய்ச்சி நூல்கள் முதல் மாடியில் இருந்தன. முன்பு ஆள் குறைவான நேரம் பார்த்து ஏறிப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்து படிப்பேன். இப்போது ஏற முடியாதவள் ஆகிவிட்டேன். தோழியிடம் புத்தகத்தின் பெயர் எழுதிக் கொடுத்தால் அவள் வேறு ஏதாவது எடுத்து வருவாள். ‘இதுவும் அதே சப்ஜெக்ட்தானே’ என்பாள். குறை சொல்லவும் முடியாது. வகுப்பில் எல்லாரும் மொட்டை மாடியில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் கீழே பைகளுக்குக் காவல்.

ஒரு விடுமுறை நாளில் நூலகத்துப் படிக்கட்டில் யாருமே இல்லை. திரும்பி உட்கார்ந்து உள்ளங்கைகளை மேல்படியில் ஊன்றிவிட்டேன். காவலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று கையை எடுத்துச் செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். அவர் பாவம், ஃபேன் போடட்டுமா என்று கேட்டார். திருடியைப் போல அவர் முகத்தைப் பார்க்காமல் வேண்டாம் என்றேன். எங்கள் வாடகை வீட்டுக்கே எட்டுப் படி ஏற வேண்டும். அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்து ஆட்கள் யாராவது போகிறார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறும் பழக்கம் வந்துவிட்டது. அம்மா வாசலில் நின்று இதைப் பார்ப்பார். ஒரு வேலையைச் செய்யும் களைப்பு எனக்குப் பழக்கம். செய்ய முடிந்ததைச் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு களைப்பு வரும் என்று எனக்குத் தெரியாது.

கடைசி செமஸ்டரில் ஆய்வறிக்கை. தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டைச் சுற்றி மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். வாழைக்காய் மண்டிப் பக்கம் ஓரமாக உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசிச் சேர்த்த விஷயம். எனக்கு அதன் மேல் பெருமை உண்டு. வாய்மொழித் தேர்வு பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்றார்கள்.

அன்று காலை துறைக்குப் போனால், தேர்வு முதல் மாடிக் கருத்தரங்கு அறையில் என்று ஒட்டியிருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக மேலே போய் வந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பெயர் என்னுடையது. துறைத் தலைவி அம்மாள் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்தார். கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். அதற்குள் எனக்குக் கன்னடம் நன்றாகவே புரியும்.

அவர் சொன்னது இதுதான். தேர்வாளருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலி. காலையில் அந்தப் பதினெட்டுப் படி ஏறுவதற்கே ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார். மாலையில் போகும்போது ஒரேயடியாக இறங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். இப்போது என் ஒருத்திக்காக இறங்கி, பிறகு மதிப்பெண் பட்டியலுக்காக மறுபடி ஏற வேண்டும் என்றால் பாவம். முதல் வருடத்தில் நீ ஏறியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். இன்று ஒரு நாள் மட்டும் வா. யாரையும் படிக்கட்டுப் பக்கம் விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அவர் முகத்தில் கபடம் இல்லை. அந்தப் படிகளை நான் பார்த்தேன். பதினெட்டு. பத்து, பதினைந்து நிமிடம். கை நடுங்கினாலும் பரவாயில்லை, பேசத்தானே போகிறேன். ஏறியிருப்பேன், சத்தியமாக ஏறியிருப்பேன். ஆனால் மூன்று வாரத்தில் கடைசிப் பரீட்சை. நான்கு பேப்பர். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஒருவர் ஏதாவது ஒரு காகிதத்தின் ஓரத்தில் உண்மையாக இரண்டு வரி எழுதினால் போதும், அந்த அறை போய்விடும்.

“ஆகல்லா மேடம்,” என்றேன். முடியாது.

அவர் நிமிர்ந்து மேலே போனார்.

தேர்வாளர் இறங்கி வந்தார். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் வைத்து, பிறகு அடுத்த காலை அதனோடு சேர்த்து. இறங்கும்போது வலிக்கிற கால்தான் முதலில் வர வேண்டும், அதை அவருக்கு யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நின்றார். என் அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஏழாவது படியில் அது நழுவி விழுந்து கீழிருந்து மூன்றாவது படிவரை சறுக்கி வந்து நின்றது. எனக்கு எட்டும் தூரம்தான். இரண்டு படி ஏறினால் எடுத்துவிடலாம். நான் அசையவில்லை. துறைத் தலைவி போய் எடுத்தார்.

எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது. அவருக்கு வலிப்பது எங்கே, எப்படி என்று அந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கீழே வகுப்பறையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. என் ஊன்றுகோல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

“உனக்கு நிஜமாவே ஆகல்லவாம்மா?”

துறைத் தலைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆகல்லா சார்.”

“பாப்பா,” என்றார் தேர்வாளர். கன்னடத்தில் அதற்குப் பாவம் என்று அர்த்தம். மனதார, என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு அறிக்கையைப் பிரித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு வலியே இல்லை என்று சொல்லியிருக்கிறார்களே, அதை நீ நம்புகிறாயா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.